நார்ச்சத்துப் பொடியை முதல் முறையாக வாங்குகிறவர்களுக்கு: அரைக் கரண்டியில் தொடங்குங்கள்

வேலூர் ஆற்காடு ரோட்டில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள் நான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது ஒருவர் வந்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "மேடம், வயிறு சரியா போகல, ஏதாவது பவுடர் இருக்கா?" என்று கேட்காத நாள் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து வரும் ரிட்டயர்டு வாத்தியார், காட்பாடி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன், கணவர் சிகிச்சைக்காக கொல்கத்தாவிலிருந்து வந்து ஒரு மாதமாக லாட்ஜில் தங்கி ஹோட்டல் சாப்பாடு சாப்பிடுகிற அம்மா என்று எல்லாருக்கும் அதே கேள்விதான். கொஞ்ச காலமாக 'ப்ரீபயாட்டிக்' என்கிற சொல்லும் கூடச் சேர்ந்துகொண்டது. போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கிற முழு அளவையும் முதல் நாளே கலக்கிக் குடிக்கிறார்கள். வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்கிறது. மூன்றாம் நாள் டப்பா அலமாரி மூலைக்குப் போய்விடுகிறது.

பொடியில் தப்பில்லை. தொடங்குகிற விதம் தெரிந்தால் முக்கால்வாசிப் பேருக்கு இந்தத் தொல்லையே வராது. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது யாருக்குத் தீனி?

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடுவதில் சிறுகுடல் செரித்து எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. செடி கொடிகளிலிருந்து வரும் சில நார்ச்சத்துகளை நம் உடம்பால் உடைக்க முடியாது, ஆனால் இந்த பாக்டீரியாக்கள் உடைத்துவிடும். அப்படி நல்ல வகை பாக்டீரியாவுக்கு இரையாகி, அதனால் நமக்கும் நன்மை தருவதற்குத்தான் ப்ரீபயாட்டிக் என்று பெயர். கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் வைத்த பெயர் இது. 'ப்ரோபயாட்டிக்' வேறு. அது உயிரோடு இருக்கிற பாக்டீரியா. ப்ரீபயாட்டிக் என்பது அதற்குப் போடுகிற தீவனம்.

பாக்டீரியா நாரைப் புளிக்கவைக்கும்போது அசிட்டேட், புரோபியனேட், பியூட்டிரேட் என்று சில சிறிய கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்களுக்கு முக்கியமான எரிபொருள். புளிக்கும் இடத்தில் வாயுவும் வரும். மாவு புளித்தால் பாத்திரத்தில் பொங்குகிற மாதிரிதான் இதுவும்.

அணைக்கட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. கோடை முழுக்க வைக்கோல் தின்ற மாட்டை, மழை பெய்து முளைத்த இளம்புல்லில் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். வயிறு உப்பி, மாட்டு டாக்டருக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் வைக்கோலோடு ஒரு கைப்பிடி பச்சையைக் கலந்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவார்கள். நம் வயிற்றுக்கும் அதே நியாயம்தான்.

படி 1: பொடி வாங்கும் முன் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

மலத்தில் ரத்தம், கறுப்பாகத் தார் மாதிரி போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகும் வழக்கம் மாறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கவுண்டரில் பொடி கேட்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், குடலில் அடைப்பு அல்லது சுருக்கம் என்று சொல்லப்பட்டவர்கள், அண்மையில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் ஆகியோரும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

படி 2: ஒரு வாரம் தட்டைக் கவனியுங்கள்

பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. 'உணவிலிருந்தே' என்கிற சொல்லைக் கவனியுங்கள். பொடி என்பது குறையை நிரப்ப மட்டும்தான்.

காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் ரசமும், ராத்திரி தோசை என்றால் அந்தக் கணக்கை எட்டவே முடியாது. 100 கிராம் பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. நம் வட ஆற்காட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் தினமும் களி கிண்டியவர்கள். களி, கூழ், காராமணிக் குழம்பு, மொச்சை, கொள்ளு ரசம், ஜவ்வாது மலைச் சாமை எல்லாம் இன்னும் நம் ஊர் மார்க்கெட்டில் கிடைக்கின்றன. வெயில் காலத்தில் ரோட்டோரம் விற்கிற கேழ்வரகுக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். மோர் ஊற்றிக் கரைத்து, பக்கத்தில் நறுக்கிய சின்ன வெங்காயம் வைப்பார்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிற ஃப்ரக்டான் என்பதும், டப்பாவில் விற்கிற இனுலின் என்ற நார்ப்பொடியும் ஒரே குடும்பம். அந்த ஒரு சொம்பில் தானியத்தின் நாரும் வெங்காயத்தின் ப்ரீபயாட்டிக்கும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

பழைய சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு ஆறும்போது அதிலிருக்கிற மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிக்கொண்டு, சிறுகுடலின் செரிமானத்துக்கு மசியாமல் பெருங்குடலுக்குப் போகிறது. வாழைக்காயில் இந்த வகை மாவுச்சத்து இயல்பாகவே நிறைய உண்டு. இது என்ன செய்யும் என்று கண்டுபிடித்ததில் நம் ஊருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் காலரா நோயாளிகளுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கில், இப்படிச் செரிக்காத மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பேதியில் வெளியேறும் தண்ணீரும் குறைந்தது, பேதி சீக்கிரமாகவும் நின்றது. அந்த மாவைப் பெருங்குடல் பாக்டீரியா கொழுப்பு அமிலமாக மாற்ற, அந்த அமிலத்தின் உதவியால் குடல் உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இது வெளிவந்தது. நான் நிற்கிற கவுண்டரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த வேலை இது. பாக்டீரியாவுக்குத் தீனி போட்டால் குடல் தேறும் என்பதை நான் நம்பத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான்.

சரி, ஒரு வாரம் சாப்பிட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். தினமும் ஒரு வேளையாவது கேழ்வரகோ சாமையோ, ஒரு கிண்ணம் பயறு, ஒரு கீரை அல்லது பொரியல், ஒரு பழம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சரிசெய்தே பாதிப் பேருக்குப் பொடி தேவைப்படாமல் போகும். இதைச் சொல்வதால் கடையில் ஒரு டப்பா குறைவாக விற்கும், பரவாயில்லை. லாட்ஜிலும் ஹாஸ்டலிலும் இருப்பவர்களுக்கு, ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு, பல் போய் மென்று சாப்பிட முடியாத பெரியவர்களுக்குப் பொடி உண்மையிலேயே கைகொடுக்கும்.

படி 3: எந்தப் பொடி?

கடைக்கு வருகிறவர்கள் எல்லாப் பொடியையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். முடிந்தால் வீட்டில் ஒரு தரம் இப்படிச் செய்து பாருங்கள். மூன்று கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி தண்ணீர் எடுங்கள். ஒன்றில் ஒரு டீஸ்பூன் இசப்கோல், இன்னொன்றில் இனுலின், மூன்றாவதில் கொத்தவரை நார்ப்பொடி போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். இசப்கோல் தண்ணீரைக் குடித்துக்குடித்துப் பருத்து, கரண்டியை நட்டால் சாயாத அளவுக்குக் கொழகொழவென்று கெட்டியாகிவிடும். இனுலின் லேசாகக் கலங்கும், வாயில் வைத்தால் மெல்லிய தித்திப்பு தெரியும். கொத்தவரைப் பொடி போட்ட டம்ளரில் ஒன்றும் போடாத மாதிரி தண்ணீர் தெளிந்து நிற்கும். இந்த மூன்றும் வயிற்றுக்குள்ளும் மூன்று விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

இனுலின் பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுப்பது. ஆமாம், காபித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான். 'அப்ப நான் குடிக்கிற ஃபில்டர் காபியே போதுமா?' என்று கேட்பார்கள். போதாது. வறுக்கும்போது இனுலின் கணிசமாகச் சிதைந்துவிடுகிறது, ஒரு டம்ளர் காபியில் சேர்கிற அளவும் ரொம்பக் கம்மி. இனுலினுக்கும் அதே மாதிரி, ஆனால் சங்கிலி சின்னதாக இருப்பதால் அதன் சின்னத் தம்பியான எஃப்.ஓ.எஸ்.ஸுக்கும் (ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு) ப்ரீபயாட்டிக் என்ற பெயர் நன்றாகப் பொருந்தும். பிஃபிடோ வகை பாக்டீரியாவை இவை வளர்க்கின்றன. ஆனால் வேகமாகப் புளிப்பதால் வாயுவும் கூடுதல். ஐ.பி.எஸ். (அடிக்கடி வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ வரும் குடல் கோளாறு) என்று டாக்டர் சொல்லியிருந்தால், அல்லது வெங்காயம் சாப்பிட்டாலே வயிறு உப்புகிறவர் என்றால், இனுலினில் கை வைக்காதீர்கள்.

கொத்தவரை நார் என்பது கொத்தவரை விதைப் பிசினை என்சைம் வைத்துச் சிறு துண்டுகளாக உடைத்த பொடி. லேபிளில் 'பார்ஷியலி ஹைட்ரோலைஸ்டு குவார் கம்' என்றோ சுருக்கமாக 'பி.ஹெச்.ஜி.ஜி.' என்றோ இருக்கும். மெதுவாகப் புளிக்கிறது, ருசி கிடையாது, ரசத்திலோ மோரிலோ போட்டால் தெரியாது. விலை கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும் முதல் முறை வாங்குகிறவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

இசப்கோல் குஜராத், ராஜஸ்தானில் விளையும் ஒரு செடியின் விதை உமி. பாக்டீரியா இதை அதிகம் தின்பதில்லை. அதனால் கண்டிப்பாகப் பார்த்தால் இது ப்ரீபயாட்டிக் கணக்கில் வராது. தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குவதுதான் இதன் வேலை. கல் மாதிரி இறுகிப்போய் முக்குகிறவருக்கு இதுதான் உடனடியாக உதவும். வாயுவும் குறைவு.

செடியிலிருந்து வருவதுதான் வேண்டும் என்கிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ஜி.ஓ.எஸ். என்கிற ப்ரீபயாட்டிக்கைப் பெரும்பாலும் பால் சர்க்கரையிலிருந்துதான் செய்கிறார்கள். மாத்திரை வடிவில் வாங்கினால் கேப்ஸ்யூல் கூடு ஜெலட்டினா, செல்லுலோஸா என்று பாருங்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது.

படி 4: லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், விஷயமெல்லாம் பின்பக்கத்தில்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. ஒரு வேளைக்கு எத்தனை கிராம் நார் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். பத்து விதமான பொருளைக் கலந்து, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆரஞ்சு ருசி போட்ட பொடிகள் சிலவற்றில் நாரைவிடச் சர்க்கரை அதிகம், சர்க்கரை நோயாளிகள் ஏமாந்துவிடுவார்கள். அப்புறம், வியாதியைக் குணமாக்கும் என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். இது மருந்தல்ல, உணவுச் சேர்க்கை.

படி 5: அரைக் கரண்டி

முதல் மூன்று நாளும் அரை டீஸ்பூன், ஒரு வேளை மட்டும். எந்த வேளை என்பது பெரிய விஷயமில்லை, தினமும் அதே வேளையாக இருந்தால் மறக்காது. சாப்பாட்டோடு எடுத்தால் வாயு கொஞ்சம் அடங்கும். நாலாவது நாள் வயிறு சாதாரணமாக இருந்தால் முக்கால். இரண்டாவது வாரம் ஒரு டீஸ்பூன். மூன்றாவது வாரத்தில் தேவைப்பட்டால் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. கொத்தவரை நாருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் அருகே போய் நின்றுவிடலாம். இனுலினில் 5 கிராமிலேயே பலருக்குப் பலன் தெரியும். மலம் ஒழுங்காகப் போக உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்டது சிக்கரி இனுலின் நாளொன்றுக்கு 12 கிராம் என்ற அளவை. அதைப் படித்துவிட்டு முதல் நாளே 12 கிராம் போட்டுவிடக் கூடாது. நானே அப்படிச் செய்து பார்த்து, மறுநாள் கவுண்டரில் நிமிர்ந்து நிற்க முடியாமல் பாதி நாளில் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

உப்புசம் வந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். விட்டுவிட வேண்டியதில்லை. பாக்டீரியாக் கூட்டம் புதுத் தீனிக்குப் பழக நாள் பிடிக்கும்.

படி 6: தண்ணீர்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது மலச்சிக்கல் வந்தது. பக்கத்துக் கடை ஒன்றில் இசப்கோல் பாக்கெட்டை நீட்டி, ராத்திரி ஒரு கரண்டி போட்டுக்கச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்ற பயத்தில் அம்மா பொடியை வாயில் போட்டு இரண்டே மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்திருக்கிறார். பொடி தொண்டையிலேயே ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது. என் தம்பி நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தட்டித் துப்பவைக்கிற வரைக்கும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து இசப்கோல் கேட்கிற யாருக்கும், ஒரு முழு டம்ளர் தண்ணீர், 250 மில்லியாவது, கலக்கியதும் கெட்டியாவதற்குள் உட்கார்ந்தபடி குடிக்க வேண்டும், மேலே இன்னும் அரை டம்ளர் குடிக்க வேண்டும், குடித்த உடனே படுக்கக் கூடாது என்று சொல்லாமல் நான் பாக்கெட்டைக் கொடுப்பதில்லை.

தொண்டையில் ஆனதுதான் குடலிலும் ஆகும். தண்ணீர் போதாமல் நாரைக் கூட்டினால் மலச்சிக்கல் முன்பைவிட மோசமாகும். வேலூரில் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. உடம்பில் இருக்கிற தண்ணீர் வியர்வையாகவே போய்விடும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் சிலர், கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாததால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, காலையில் பொடி வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டோடு பொடி, தூங்குவதற்குள் இன்னும் இரண்டு டம்ளர். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

படி 7: மற்ற மாத்திரைகளோடு

நார் மருந்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். அதனால் மாத்திரைக்கும் பொடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில் சாப்பிடுகிறவர்கள் பொடியை ராத்திரிக்குத் தள்ளிவிடுவது நல்லது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தொடங்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டு, முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

படி 8: காலண்டரில் குறியுங்கள்

பேதி மாத்திரை மாதிரி மறுநாள் காலையே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். இசப்கோல் ஓரிரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும். இனுலினுக்கும் கொத்தவரைக்கும் நாலு வாரம் கொடுங்கள். சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரிலேயே ஒவ்வொரு நாளும் மூன்று விஷயம் குறித்தால் போதும்: போனதா இல்லையா, இறுக்கமா இளக்கமா, உப்புசம் இருந்ததா. டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள்களையே காட்டலாம். வாய்க்கணக்கைவிட அது நம்பகமானது.

டப்பாவை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். இனுலின் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும், ஈரக் கரண்டி பட்டாலும் அப்படித்தான். காய்ந்த கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்து, இறுக்கி மூடிவிடுங்கள்.

நாலு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதே பொடியை இரட்டிப்பாக்காமல் வேறு வகைக்கு மாறிப் பாருங்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நல்ல மாற்றம் தெரிந்தவர்கள் இரண்டு மாதம் கழித்து ஒரு வாரம் பொடியை நிறுத்தி, கூழும் பயறும் கீரையும் மட்டும் வைத்துப் பாருங்கள். காலண்டர் அப்போதும் ஒழுங்காக இருந்தால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம். பழையபடி இறுகினால், கடைசியாக வயிற்றுக்கு ஒத்துப்போன அதே அளவில் மறுபடி தொடங்கலாம். இடையில் ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் மட்டும் திரும்ப அரைக் கரண்டியிலிருந்து வர வேண்டும்.